சர்க்கரை ‘பார்டரில்’ இருக்கிறதா? ஹெல்த் கோச்சை எப்படித் தேடுவது, எப்படிப் பயன்படுத்துவது, எப்போது விடைபெறுவது

“சுகர் பார்டர்ல இருக்கு. சோத்தைக் குறைங்க, தினமும் நடங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க.” வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது டாக்டருக்கு இவ்வளவு சொல்லத்தான் நேரம் இருக்கும். அவர் சொன்னதில் தப்பும் இல்லை, புதிதும் இல்லை. சோறு குறைக்க வேண்டும் என்பது கேட்பவருக்கும் பல வருடமாகத் தெரிந்த சங்கதிதான். முதல் வாரம் நடப்பார். இரண்டாம் வாரம் மழை. மூன்றாம் வாரம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அப்புறம் ஷூ செருப்பு ஸ்டாண்டின் அடித்தட்டுக்குப் போய்விடும்.

ஹெல்த் கோச் என்பவர் இந்த இடத்தில்தான் உதவுவார். மருந்து எழுத மாட்டார். நோய் கண்டுபிடிக்க மாட்டார். உணவுப் பட்டியல் போட்டுக் கொடுப்பது டயட்டீஷியனின் வேலை. உடற்பயிற்சி சொல்லித் தருவது ஜிம் பயிற்சியாளரின் வேலை. கோச்சின் வேலை, செய்ய வேண்டியது என்று உங்களுக்கே தெரிந்ததை உங்கள் வீட்டில், உங்கள் நேரத்தில், உங்கள் மாமியார் பக்கத்தில் இருக்கும்போது எப்படிச் செய்வது என்று உங்களோடு உட்கார்ந்து யோசிப்பது.

இது வெறும் பேச்சு என்று தோன்றலாம். அமெரிக்காவில் 3,234 பேரைக் கொண்டு நடந்து 2002இல் முடிவு வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், ஒரு பிரிவினருக்கு ஆளுக்கொரு கோச் கொடுத்தார்கள். முதல் 24 வாரங்களில் 16 பாடங்கள், அதற்குப் பிறகு மாதாந்தரச் சந்திப்பு. இலக்கு இரண்டுதான்: உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது. வெற்று மாத்திரையும் பொதுவான அறிவுரையும் மட்டும் பெற்ற பிரிவோடு ஒப்பிட்டால் இவர்களில் சர்க்கரை நோய் வந்தது 58 சதவீதம் குறைவு. சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்த பிரிவில் 31 சதவீதம்தான் குறைந்தது.

அது அமெரிக்கா, நம் சோற்றுக்கும் சாம்பாருக்கும் பொருந்துமா? சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்துச் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. எடை பெரிதாகக் குறையாமலே கிடைத்த பலன் இது. தராசு முள் நகரவில்லை என்று மனம் உடைந்துபோகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவோடு நடந்து 2023இல் வெளியான கணக்கின்படி, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, 13.6 கோடிப் பேர் பார்டரில் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கூட்டத்துக்கு. ரத்த அழுத்தம், தூக்கம், எடை என்று வேறு காரணத்துக்காகக் கோச்சிடம் போகிறவர்களுக்கும் வழிமுறை கிட்டத்தட்ட இதேதான்.

1. முதலில் டாக்டர், அப்புறம்தான் கோச்

பரிசோதனை முடிவு கையில் இல்லாமல் கோச்சிடம் போகாதீர்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125 வரை, அல்லது மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் பொதுவாகப் பார்டர் என்பார்கள். ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி அளவு ஏமாற்றக்கூடும். நம் பெண்களில் பலருக்கு ரத்தசோகை உண்டு என்பதால் இதை டாக்டரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ ஏற்கெனவே எடுப்பவர்கள் திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடும். மருந்து அளவை டாக்டர் பார்த்துச் சரி செய்த பிறகே எந்த மாற்றமும். நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், கர்ப்பம், சாப்பாட்டைக் கண்டாலே பயம் அல்லது கட்டுப்பாடில்லாமல் சாப்பிட்டுப் பின் வாந்தி எடுப்பது, வாரக்கணக்கில் எதிலும் மனம் ஒட்டாமல் இருப்பது, இவற்றில் எது இருந்தாலும் அதற்குரிய மருத்துவர்தான் முதலில். நல்ல கோச்சாக இருந்தால் அவரே உங்களைத் திருப்பி அனுப்புவார்.

2. ஆளைத் தேர்ந்தெடுப்பது

அமெரிக்காவில் கோச்சுகளுக்கென்று தேசிய அளவிலான தேர்வு 2017இல் தொடங்கியது. இந்தியாவில் ‘ஹெல்த் கோச்’ என்று போர்டு மாட்டத் தனி உரிமம் எதுவும் தேவையில்லை. அதனால் சான்றிதழை மட்டும் பார்த்து நம்ப முடியாது. வார இறுதியில் ஆன்லைனில் படித்து வாங்கியதும் சான்றிதழ்தான், வருடக்கணக்கில் மேற்பார்வையோடு பயிற்சி எடுத்து வாங்கியதும் சான்றிதழ்தான்.

பணம் கட்டும் முன் ஒரு அறிமுகப் பேச்சு கேளுங்கள். பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள். எங்கே பயிற்சி எடுத்தார், எவ்வளவு காலம், என் ரிப்போர்ட்டை யார் யார் பார்ப்பார்கள், வாட்ஸ்அப் குழுவில் போடுவீர்களா, டாக்டரோடு பேசுவீர்களா, நடுவில் நிறுத்தினால் பணம் திரும்ப உண்டா என்று கேட்டுவிடுங்கள். பிறகு அந்தப் பேச்சில் யார் அதிகம் பேசினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் அதிகம் பேசியிருந்தால் நல்ல அடையாளம். அரை மணி நேரமும் அவரே பேசினார் என்றால் நீங்கள் கேட்டது ஒரு சொற்பொழிவு.

மூன்று வகை ஆட்களிடமிருந்து உடனே எழுந்து வந்துவிடலாம். பவுடர், ஷேக், மூலிகைக் காப்ஸ்யூல் விற்பவர். “90 நாளில் சுகரை வேரோடு எடுத்துடலாம்” என்று உத்தரவாதம் தருபவர். மாத்திரையை நிறுத்தச் சொல்பவர். கடைசி ஆளைப் பற்றி உங்கள் டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், அவரிடம் வரும் மற்றவர்களாவது தப்பிப்பார்கள்.

3. முதல் சந்திப்பு: உங்கள் காரணத்தைத் தோண்டுவது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏமாற்றமடையும் இடம் இது. பட்டியல் வரும், அட்டவணை வரும் என்று நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தால், கோச் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருப்பார். “இதுக்கா பணம் கட்டினோம்?” என்று தோன்றும்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். திருச்சியில் ஒரு பள்ளி ஆசிரியை, வயது 46, ஹெச்பிஏ1சி 6.1. கோச் இப்படித் தொடங்கக்கூடும்:

“டீச்சர், இந்த சுகர் விஷயத்தை மாத்தணும்கிறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பூஜ்யத்துலேருந்து பத்துக்குள்ள ஒரு மார்க் போடுங்க.”

“ஆறு போடலாம்.”

“சரி, ஆறு. ஏன் மூணு போடல?”

“மூணா... அப்படிச் சொல்ல முடியாதுங்க. எங்க அம்மாவுக்குக் கால் விரலை எடுத்தாங்க. அந்த ரெண்டு வருஷமும் புண்ணுக்குக் கட்டுப் போட்டவ நான்தான்.”

கோச் கேட்டது “ஏன் ஒன்பது போடல?” என்று இருந்திருந்தால் டீச்சர் சாக்குகளை அடுக்கியிருப்பார்: நேரமில்லை, பள்ளியில் வேலை, வீட்டில் யாரும் ஒத்துழைப்பதில்லை. “ஏன் மூணு இல்லை?” என்று கேட்டதால் தன் வாயாலேயே தன் காரணத்தைச் சொல்கிறார். மற்றவர் சொன்னதை மறக்கலாம், எதிர்த்து வாதாடலாம். தானே சொன்னதோடு வாதாடுவது கஷ்டம். வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் குடிப்பழக்கத்திலிருந்து மீள வருபவர்களுக்காக 1983இல் எழுதத் தொடங்கி, பின்பு ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து வளர்த்த பேச்சுமுறையிலிருந்து வந்த கேள்வி இது. இன்று கோச்சிங் பயிற்சிகளில் பெரும்பாலும் இந்த முறைதான் அடிப்படை.

அதனால் முதல் சந்திப்புக்குப் போகும் முன் வீட்டிலேயே உங்கள் மார்க்கைப் போட்டு, அதைவிட மூன்று மார்க் குறைவாக ஏன் போடவில்லை என்று எழுதிப் பாருங்கள். “பிள்ளைகளுக்காக” என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்தப் பிள்ளை, என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். கோச் உங்களைப் பயமுறுத்த முயன்றால், கால் எடுப்பார்கள், கண் போகும் என்று படம் காட்டினால், அது வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பயம் நாலு நாள் ஓட வைக்கும், அவ்வளவுதான்.

4. ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அதுவும் சின்னதாக

முதல் வாரத்திலேயே சோறு நிறுத்தம், காபி நிறுத்தம், காலை ஐந்து மணி நடை, இரவு ஒன்பதுக்குத் தூக்கம் என்று எல்லாவற்றையும் பிடித்தால் எதுவும் நிற்காது. டீச்சரிடம் கோச் கேட்பது: “இதுல எதைத் தொட்டா உங்களுக்குக் கொஞ்சம் சுலபமா இருக்கும்?” தேர்வு அவருடையதாக இருக்க வேண்டும். அவர் நடையை எடுத்துக்கொள்கிறார்.

“நடக்கிறேன்” என்பது திட்டம் ஆகாது. எப்போது, எங்கே, எதற்கு அடுத்து என்பது வேண்டும். “ராத்திரி சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும், மொட்டை மாடியில் பத்து நிமிடம்.” தட்டுக் கழுவுவது எப்படியும் தினமும் நடக்கும் வேலை. புதுப் பழக்கத்தை அதன் வாலில் கட்டிவிட்டால் நினைவூட்ட அலாரம் தேவைப்படாது. சாப்பிட்டதும் நடப்பது அந்த நேரத்துச் சர்க்கரை ஏற்றத்தையும் மட்டுப்படுத்தும். கூடவே தடங்கலுக்கும் ஒரு வரி: “மழை பெய்தால், ஹாலில்.” இப்படி ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவு கட்டி வைப்பவர்கள் வெறுமனே ஆசைப்படுபவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பது பீட்டர் கோல்விட்ஸர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் வழி வந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம்.

பிறகு இன்னொரு மார்க்: “இதை இந்த வாரம் செய்ய முடியும்னு எவ்வளவு நம்பிக்கை?” ஏழுக்குக் கீழே சொன்னால் திட்டத்தைச் சுருக்க வேண்டும். பத்து நிமிடத்தை ஐந்தாக்கலாம். தினமும் என்பதை வாரத்தில் நாலு நாளாக்கலாம். ஐந்து நிமிடம் நடந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பீர்கள். முதல் மாதத்தில் சர்க்கரை குறைவதைவிட முக்கியம், சொன்னதைச் செய்தோம் என்ற அனுபவம். நிமிடத்தை அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம்.

5. அடுப்படியும் பந்தியும்

நம் ஊரில் ஒருவருடைய சாப்பாடு ஒருவருடைய முடிவு அல்ல. நம்மூர்க் கோச்சின் தரம் தெரிவதும் இங்கேதான். அவகாடோ, கினோவா என்று உங்கள் தெருமுனைக் கடையில் கிடைக்காத பொருளைச் சொல்பவர் உங்கள் அடுப்படியை நினைத்துப் பார்க்கவே இல்லை. சிறுதானியம் மட்டுமே மருந்து என்பவரிடமும் கொஞ்சம் ஜாக்கிரதை. கேழ்வரகுக் கஞ்சியும் சர்க்கரையை ஏற்றும், அளவு முக்கியம்.

கோச்சிடம் சொல்ல வேண்டியது உங்கள் வீட்டின் உண்மையான ஒரு நாள். யார் சமைக்கிறார், யார் பரிமாறுகிறார், நொறுக்குத்தீனி டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது, மீந்ததை யார் சாப்பிடுகிறார். டீச்சர் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது அவர்தான். பிள்ளைகள் வைத்த மிச்சம், பாத்திரத்தின் அடியில் நிற்கும் ஒரு கரண்டிச் சோறு எல்லாம் “வீணாப் போகக் கூடாது” என்று அவர் தட்டுக்கு வரும். இதை எந்த உணவு அட்டவணையும் கணக்கில் எடுக்காது. தீர்வு எளிது: உலையில் அரை டம்ளர் அரிசி குறைவாகப் போடுவது, மீந்தால் உடனே டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைப்பது. ஆனால் கேள்வி கேட்டால்தான் அந்தக் கரண்டிச் சோறு வெளியே வரும்.

தட்டில் மாற்றம் செய்வதென்றால் முதலில் பொரியலையும் கூட்டையும் போட்டுவிட்டு மிச்ச இடத்தில் சோறு போடுவது, ஐந்து இட்லியில் ஒன்றைக் குறைத்துச் சாம்பாரில் பருப்பையும் காயையும் கூட்டுவது, நாலு மணி முறுக்குக்குப் பதில் வாரத்தில் மூன்று நாள் சுண்டல். வீட்டில் எல்லோருக்கும் தனித்தனியாகச் சமைக்க வேண்டிய எந்தத் திட்டமும் ஒரு மாதம் தாண்டாது.

கல்யாணப் பந்தியைப் பற்றியும் ஒத்திகை பார்க்க வேண்டும். ஆமாம், ஒத்திகைதான். “போதும்” என்று வாயால் சொன்னால் பரிமாறுபவர் காதில் விழாது. இலைக்கு மேலே கையை நீட்டி மறைக்க வேண்டும். “எனக்காக ஒரே ஒரு ஜாங்கிரி” என்று நிற்கும் அத்தைக்கு என்ன பதில்? “டாக்டர் திட்டுவாரு அத்தை” என்றால் சில வீடுகளில் எடுபடும், சில வீடுகளில் “ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது” என்ற வாதம் தொடங்கும். “அரை ஜாங்கிரி போதும் அத்தை, நல்லா இருந்தா நானே கேட்டு வாங்குறேன்” என்பது பெரும்பாலும் தப்பிக்க வைக்கும். உங்கள் அத்தைக்கு எது எடுபடும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். கோச்சிடம் அதைச் சொல்லிப் பழகிப் பாருங்கள்.

6. குறிப்பு எழுதுவது

காலண்டரில் டிக் போட்டால் போதும். செயலியில் ஒவ்வொரு கவளத்துக்கும் கலோரி எண்ணுவது சிலருக்கு ஒத்துவரும், பலருக்கு இரண்டு வாரத்தில் வெறுத்துவிடும். எடை வாரம் ஒரு முறை, அதே கிழமை, காலையில். இடுப்புச் சுற்றளவு மாதம் ஒரு முறை; நமக்கு ஆண்கள் 90 செ.மீ., பெண்கள் 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. ஹெச்பிஏ1சியை மூன்று மாதத்துக்கு முன் திரும்பப் பார்ப்பதால் அவ்வளவாகப் பயன் இல்லை.

7. விட்டுப்போன நாள்

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று எங்கும் சொல்கிறார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரிச் சொல்கிறது. ஒரு செயல் யோசிக்காமல் தானாக நடக்கும் நிலைக்கு வரும் காலத்தைக் கணக்கிட்டபோது, நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப 18 நாளிலிருந்து 254 நாள் வரை விரிந்திருந்தது. இருபத்திரண்டாம் நாள் நடக்கச் சோம்பலாக இருந்தால் உங்களிடம் கோளாறு எதுவும் இல்லை.

அதே ஆய்வில் இன்னொரு ஆறுதலும் உண்டு: ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. கெடுப்பது அந்த ஒரு நாளுக்குப் பின் வரும் எண்ணம். “தீபாவளிக்கு எப்படியும் கெட்டுப்போச்சு, பொங்கல் முடிஞ்சு பாத்துக்கலாம்.” நடுவில் இரண்டு மாதம் போய்விடும்.

அந்த வாரத்துச் சந்திப்பைத் தள்ளிப்போடத் தோன்றும். தள்ளாதீர்கள். எல்லாம் ஒழுங்காக நடந்த வாரத்தைவிடச் சறுக்கிய வாரத்தில்தான் கோச்சிடம் பேச விஷயம் இருக்கும். பொய் சொல்லவும் தோன்றும். அவர் வாத்தியார் இல்லை, நீங்கள் ஹோம்வொர்க் கொண்டு வராத பிள்ளையும் இல்லை. உண்மையைச் சொன்னதும் அவர் முகம் சுளித்தாலோ லெக்சர் அடித்தாலோ ஆளை மாற்றுங்கள். அவர் கேட்க வேண்டியது, எந்த இடத்தில் திட்டம் உடைந்தது என்று. டீச்சருக்கு அது விடைத்தாள் திருத்தும் வாரமாக இருக்கலாம். அப்படியானால் அந்த வாரத்துக்கென்று தனி வரி எழுத வேண்டும்: “பேப்பர் கட்டு இருக்கிற நாளில், இருபது தாள் முடிந்ததும் ஐந்து நிமிடம்.”

8. கோச் இல்லாமல் நடக்கப் பழகுவது

தொடக்கத்தில் வாரம் ஒரு முறை, மூன்று மாதம் போல. பிறகு இரு வாரத்துக்கு ஒரு முறை, அப்புறம் மாதம் ஒரு முறை. எப்போது முடியும் என்று முதல் நாளே கேளுங்கள். முடிவே இல்லாத சந்தா போலப் பேசினால் யோசியுங்கள். இடைவெளி கூடும்போது அடுத்த திட்டத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள், அவர் சும்மா கேட்கட்டும். நடை இரண்டு வாரம் தொடர்ந்து நின்றாலோ இடுப்பளவு ஏறினாலோ ஒரே ஒரு சந்திப்புக்கு மட்டும் வர முடியுமா என்பதையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கோச்சுக்குக் கட்டப் பணம் இல்லையென்றால்

பார்டரில் இருந்த 537 இந்திய ஆண்களைக் கொண்டு நடந்து 2013இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்கு அவர்கள் மனநிலைக்கு ஏற்ற குறுஞ்செய்திகளைத் தொடர்ந்து அனுப்பினார்கள். இரண்டு ஆண்டில் அவர்களில் 18 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. செய்தி போகாத பிரிவில் 27 சதவீதம். செல்போனில் வந்த சின்ன நினைவூட்டலுக்கே இவ்வளவு பலன்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடமும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பரிசோதனை பற்றிக் கேட்கலாம். நடக்க இடம் வேண்டுமென்றால், 2023 நவம்பரில் தொடங்கிய நடப்போம் நலம் பெறுவோம் திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை அடையாளம் காட்டியிருக்கிறார்கள். எட்டையும் நடக்க வேண்டியதில்லை.

கோச்சின் இடத்தில் ஒரு தோழியையோ அண்ணனையோ உட்கார வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் போன். அவர் கேட்க வேண்டியது நாலு கேள்விதான். போன வாரம் என்ன நல்லபடியாக நடந்தது? எங்கே தடுக்கியது? இந்த வாரம் எதை, எப்போது, எங்கே செய்யப் போகிறாய்? நம்பிக்கைக்கு எத்தனை மார்க்? இதைத் தாண்டி வெந்தயத் தண்ணீர், பாகற்காய் ஜூஸ் என்று அவர் அறிவுரை தொடங்கினால், பிள்ளைகள் எப்படி இருக்காங்க என்று பேச்சை மாற்றிவிடுங்கள்.